முன்விசையில் இருந்த விரல்

வால்தம்ஸ்டோ, லண்டன்
2024 ஒக்டோபர் 17, வியாழக்கிழமை, முற்பகல் 10.20

அன்பு மகனுக்கு,

மேற்கொண்டு வாசிக்குமுன் ஒரு திருத்தத்தைச் செய்துகொள். கடந்த 6ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, தொலைபேசியில் நான் உனக்குச் சொன்னவற்றுள் கடைசியாகச் சொன்னது பிழை. "தோட்டாவை ஏத்திக் கட்டிலடியிலை வை, தம்பி. தேவைப்படேக்கை தேடிக்கொண்டு நிக்க ஏலாது" என்று சொன்னேன். அதை மறந்துவிடு. மருமகளிடம் அதைச் சொல்லியிருந்தால் அவளிடமும் மறுத்துச் சொல். 26ஆம் திகதி சனிக்கிழமை துவக்கு வாங்கத் துப்பாக்கிக் கடைக்குப் போவதாக நீ கூறினாய். அதற்கு முன்னர் இக்கடிதம் உன் கைக்குக் கிடைத்துவிட வேண்டும் என்பதே இப்போது என் ஒரே கவலை. நான்கு வேலை நாட்களில் ஹூஸ்டனில் சேர்ப்பித்துவிடலாம் என்று தபாலகத்தில் இருந்த பெண் நேற்று உறுதி சொன்னாள். நான் இரண்டாம் முறை கேட்டபோதும் அதையே சொன்னாள். தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்பாய். 7ஆம் திகதி முயன்றேன், 9ஆம் திகதி முயன்றேன், 13ஆம் திகதியும் முயன்றேன். மூன்று தடவையும் இங்கே பெய்யும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ என்னை அழைத்தது பிற்பகல் 4.05க்கு. வழக்கமாக உன் அழைப்பு ஏழு நிமிடங்களுக்குள் முடியும். சாப்பிட்டேனா, மருந்து போட்டேனா, கால் வீக்கம் வற்றிவிட்டதா என்று கேட்பாய். பிறகு பேத்தியிடம் கொடுப்பாய். அவள் ஒரு பொம்மையைத் திரைக்கு மிக அருகில் பிடித்துக் காட்டுவாள். பிறகு நீ யாரோ கூப்பிடுகிறார்கள் என்பாய். அன்று நீ எடுத்த எடுப்பிலேயே கேட்டாய்: "அப்பா, ஊரிலை உங்களிட்ட சொட்கன் ஒண்டு இருந்ததெல்லே?" ஓம், இருந்தது என்றேன். "சீரியஸாத்தான் கேக்கிறன். எங்கட ரோட்டிலை மூண்டு வீடு தள்ளி உடைச்சுக்கொண்டு உள்ளுக்கு வந்திருக்கிறாங்கள். பட்டப்பகல். அந்த மனுசி வீட்டுக்குள்ளை இருக்கேக்கையே. நான் வேலையாய் வெளியூர் போனா இவையள் ரெண்டுபேரும் தனிய. எதை வாங்கிறது, எப்பிடிப் பாவிக்கிறது, நீங்கள்தான் சொல்லவேணும்."

நீங்கள்தான் சொல்லவேணும் என்றாய். இதற்கு முன் நீ என்னிடம் ஆலோசனை கேட்டது 1998இல், எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம் என்று. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு மற்றதற்குப் போனாய். ஆகவே அன்று நான் நாற்பத்து மூன்று நிமிடம் பேசினேன். உன் அம்மா போனபிறகு நாம் இருவரும் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான். துவக்கின் போர் அளவு என்கிற குழல்வாய் அளவைப் பற்றி, குழலைப் பற்றி, சுடும் விசையைப் பற்றிச் சொல்லச் சொல்ல, நீ அங்கே எழுதிக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது. அந்தச் சத்தத்துக்காக நான் இன்னும் ஒரு மணித்தியாலம் பேசியிருப்பேன். சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லாமலேயே பேசி முடித்தேன்.

முதலில் நீ கேட்டவற்றுக்கு முறையான பதில். யாழ்ப்பாணம் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், துவக்கு அனுமதிப்பத்திர மேசையில் ஆறு வருடம் எழுதுவினைஞனாக இருந்தவன் என்ற முறையிலும், கடந்த பத்து நாட்களாக இங்கே நூலகத்தில் இருந்து வாசித்தவன் என்ற முறையிலும் எழுதுகிறேன். பன்னிரண்டு போர் என்று நான் அடித்துச் சொன்னது என் பழக்கத்தால் வந்தது. நீ வெளியூர் போகும் நாளில் அந்தத் துவக்கை எடுக்கவேண்டியவள் மருமகள். அவளுடைய தோளை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அதற்கு அடுத்த சிறிய அளவான இருபது அவளுக்குப் பொருந்தும். சுடும்போது தோளில் உதை குறைவு, ஓர் அறைக்குள் அதன் வலு தாராளமாகப் போதும். அவளையும் கடைக்கு அழைத்துக்கொண்டு போ. துவக்கைத் தோளில் வைத்து, கன்னத்தை அதன் பின்கட்டையில் பதித்து, கண்ணை மூடித் திறக்கச் சொல். குழலின் முனை நேரே தெரிந்தால் அது அவள் அளவு. கழுத்தை நீட்டித் தேட நேர்ந்தால் கட்டை அவளுக்கு நீளம். இரட்டைக்குழலில் ஒரு நன்மை உண்டு: மடித்துத் திறந்தால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கு நேரே தெரியும். ஆனால் இரண்டே வெடி. முன்பிடியை இழுத்துத் தள்ளும் பம்ப் வகையில் ஐந்தாறு தோட்டா கொள்ளும். பழகாதவர் பதற்றத்தில் பாதியளவு இழுத்தால் அது சிக்கிவிடும். தானாக ஏற்றிக்கொள்ளும் வகை தோளுக்கு மென்மையானது. விலை கூட, துப்புரவாக வைத்திருக்கவும் வேண்டும். குழல் நீளமாக இருந்தால் கதவு நிலையில் இடிக்கும்; பதினெட்டு அங்குலத்துக்குக் குறைந்தால் உங்கள் நாட்டில் அதற்கு வேறு சட்டம். மற்றச் சட்டங்களை அங்குள்ள ஒரு வழக்கறிஞரிடம் கேள். உன் அயலவரிடம் கேளாதே. பம்பை இழுக்கும் சத்தத்திலேயே கள்ளன் ஓடிவிடுவான் என்று உனக்குச் சொன்னவர் அவர்தானே? அந்தச் சத்தம் நீ எந்த மூலையில் நிற்கிறாய் என்பதைத்தான் கள்ளனுக்குச் சொல்லிக்கொடுக்கும்.

தோட்டாவுக்குள் இருக்கும் சன்னங்கள் அறை முழுவதும் சிதறும், குறி பார்க்கத் தேவையில்லை என்பதும் பொய். ஓர் அறையின் தூரத்தில் அவை உள்ளங்கை அளவே விரியும். உங்கள் வீட்டு உட்சுவர்கள் அட்டைப்பலகை என்று, பேத்தி சுவரில் கீறிய படங்களைக் காட்டிய நாளில் நீயே சொன்னாய். பன்றிக்குப் பாவிக்கும் பெருஞ்சன்னத்தை ஊரில் எஸ்.ஜி. என்போம். அது அப்படியான சுவர்களில் இரண்டு மூன்றைத் துளைத்துக்கொண்டு போகும். தோட்டா வாங்குமுன் உன் வீட்டின் வரைபடத்தை ஒரு தாளில் கீறு. நீ எங்கே நிற்பாய், வருகிறவன் எங்கே நிற்பான் என்று குறி. அந்தக் கோட்டை நீட்டிக்கொண்டே போ. அது பேத்தியின் கட்டிலைத் தொட்டால், அந்த இடத்திலிருந்து நீ ஒருபோதும் சுடக்கூடாது.

இனி, சொல்லாமல் விட்டது.

நான் துவக்கு வாங்கியது 1983 நவம்பர் 18, வெள்ளிக்கிழமை. இரட்டைக்குழல், பன்னிரண்டு போர். விண்ணப்பத்தை நானே நிரப்பி, பக்கத்து மேசைக்காரரின் கையொப்பத்துக்கு வைத்தேன். காரணம் என்ற இடத்தில் "வீட்டுக் காவல்" என்று எழுதினேன். எத்தனையோ பேருடைய விண்ணப்பத்தில் அந்த இரண்டு சொற்களையும் வாசித்துவிட்டு, எந்த வீடு, எவரிடமிருந்து காவல் என்று விளக்கம் எழுதி வரும்படி திருப்பி அனுப்பியவன் நான். என்னைத் திருப்பி அனுப்ப ஆளில்லை. மறு வருடம் ஜூலையில் எங்கள் ஊரில் இரண்டு வீடுகளில் கள்ளர் புகுந்தார்கள். 29ஆம் திகதி, ஞாயிறு, பூசை முடிந்து வந்தவுடன் நான் செய்த முதல் வேலை, பின்வேலியில் இருந்த பொட்டை அடைத்தது.

பொட்டு என்றால் உனக்கு நினைவிருக்காது. ஒரு வீட்டு வளவிலிருந்து மறுவளவுக்கு ஆட்கள் குனிந்து போய்வருவதற்காக வேலியில் விடுகிற இடைவெளி அது. சண்டை பிடித்த வீடுகளுக்கு நடுவேதான் பொட்டை அடைப்பார்கள்; அடைத்தால் ஊர் முழுக்க அதன் பொருள் விளங்கும். அந்த வருடம் ஊரடங்குச் சட்டம் அடிக்கடி வந்தது. அப்படியான நாட்களில் வீதியில் கால் வைக்க இயலாது. ஆனால் பொட்டு வழியாக நுழைந்து நுழைந்து வீதியைத் தொடாமலே ஊரின் ஒரு தலைப்பிலிருந்து மறுதலைப்புக்குப் போய்விடலாம். அரிசி அப்படித்தான் வந்தது, செய்தி அப்படித்தான் வந்தது. கள்ளனுக்குப் பயந்து நான் அந்த வழியைத் தென்னோலைக் கிடுகும் முள்ளுக்கம்பியும் வைத்து இறுக்கினேன். எவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கோபம் என்று நினைப்பார்கள் என்று சொல்லாமல் விட்டேன். அதனால் அடுத்த ஊரடங்கில் வழக்கம்போல அந்த வழியாக வருகிற எவரும் வேலியைப் பிரித்துக்கொண்டு வருகிறவர் ஆனார்.

1984 ஓகஸ்ட் 14, செவ்வாய்க்கிழமை. மறுநாள் மாதாவின் விண்ணேற்புத் திருநாள். பகலிலும் ஊரடங்கு. நேரம் பிற்பகல் மூன்று பத்து. நீ நடு அறையில் பாயில் படுத்திருந்தாய். உனக்கு நான்கு வயதும் ஐந்து மாதமும். அம்மா குசினியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். பின்வேலியில் கம்பி தெறிக்கும் சத்தம் கேட்டது. நான் ஜன்னலால் பார்த்தபோது, கிடுகைப் பிரித்துக்கொண்டு ஒரு முதுகு உள்ளே வந்தது. கையில் சாக்கு. சாக்குக்குள் ஏதோ அசைந்தது. துவக்கு என் கட்டிலடியில் தோட்டா ஏற்றியபடி இருந்தது. வலது குழலில் பறவைக்குப் போடும் நாலாம் நம்பர்ச் சிறுசன்னம், இடது குழலில் எஸ்.ஜி. இரட்டைக்குழலுக்கு இரண்டு விசைகள்: முன்விசை வலது குழலை வெடிக்கச் செய்யும், பின்விசை இடது குழலை. என் விரல் எந்த விசையில் இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. பின்கதவைத் தள்ளினேன். இருபத்திரண்டு யார், அதாவது இருபது மீற்றர் தூரம். சுட்டேன்.

விரல் முன்விசையில் இருந்தது. அது அங்கே இருந்ததற்கு என்னிடம் எந்த விளக்கமும் இல்லை.

புகை அடங்குமுன்னரே குரல் கேட்டது. "அண்ணை... அண்ணை, நான்தான்... சேவல் ஓடுது, பிடியுங்கோ." திருநாளுக்குச் சமைக்கவென்று, ஐந்து வளவு தள்ளி எங்கள் பெற்றோர் வீட்டிலிருந்து சேவலைச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்தவன் உன் சித்தப்பா. இருபத்து நான்கு வயது. இடது காலில் முழங்காலிலிருந்து கீழே, கட்டியிருந்த சாரம் முழுவதும் இரத்தம். அவன் அதைப் பார்க்கவில்லை, சேவலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா கையில் அரிசியோடு ஓடி வந்தாள். "ஐயோ, என்ன செய்தனீங்கள்? ஆரெண்டு ஒரு சொல்லுக் கேட்டனீங்களே?" என்றாள். நான் கேட்கவில்லை. நீ எழும்பி வந்து அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். வீதியால் போக இயலாது என்பதால் அயலவர்கள் நால்வர் அவனைக் கதிரையில் இருத்தி, வளவு வளவாகத் தூக்கிக்கொண்டு கன்னியர் மடத்து மருந்தகத்துக்குப் போனார்கள். ஒன்பது பொட்டுகளைக் கத்தியால் வெட்டி அகலமாக்கினார்கள். எந்த வீட்டுக்காரரும் ஏன் என்று கேட்கவில்லை.

மறு வருடம் ஜனவரியில், ஆயுதம் தூக்கிய இயக்கத்துப் பொடியள் வீடு வீடாக வந்து துவக்குகளைச் சேர்த்தார்கள். மற்றவர்கள் ஒளித்தார்கள், கெஞ்சினார்கள். நான் துவக்கையும் மீதித் தோட்டாக்களையும் அனுமதிப்பத்திரத்தையும் ஒன்றாகக் கட்டி வைத்திருந்து கொடுத்தேன். பழக்கதோஷத்தால், "ஒரு பற்றுச்சீட்டுத் தருவீங்களோ?" என்று கேட்டேன். "அண்ணை, நாங்கள் என்ன கச்சேரியே நடத்திறம்?" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனான் ஒருவன்.

சித்தப்பாவின் காலைப் பற்றி எங்கள் குடும்பத்தில் ஒரு வசனம் உண்டு: "பிரச்சினை நேரம் பட்ட காயம்." அந்த வசனத்தை அமைத்தவன் நான். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதில் எனக்கு அந்தக் காலத்தில் ஒரு திருப்தியும் இருந்தது. கேட்பவர் ஆமி சுட்ட காயமென்று தானே எண்ணிக்கொள்வார். நீயும் அப்படித்தான் எண்ணிக்கொண்டாய். நாம் லண்டனுக்கு வந்தபின், 1992இல் பள்ளிக்கூடத்தில் "எனது வீரர்" என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னபோது நீ சித்தப்பாவைப் பற்றி எழுதினாய். வகுப்பில் அதை ஆசிரியை உரத்து வாசித்ததாகச் சொன்னாய். பெற்றோர் ஒப்பமிடவேண்டும் என்று கொண்டுவந்தாய். நான் இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தி, கீழே கையொப்பமிட்டேன். நான்கு வருடம் கழித்துச் சித்தப்பாவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது நான் வேலை செய்த மருத்துவமனையில். பதிவேட்டுப் பிரிவில், எக்ஸ்ரே உறைகளில் பெயரையும் பிறந்த திகதியையும் சரிபார்த்து அடுக்குவது என் வேலை. அவனுடைய உறையும் என் மேசைக்கு வந்தது. படத்தை வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். எலும்பைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகள். எண்ணினேன், பதினேழு. உறையில் போட்டு அடுக்கினேன்.

உன் அழைப்புக்குப் பிறகு, 12ஆம் திகதி சனிக்கிழமை, டூட்டிங்குக்குப் போனேன். விக்டோரியா லைனில் ஸ்டொக்வெல் வரை, அங்கிருந்து நோர்தேர்ன் லைன். சித்தப்பா வழமையான சாப்பாட்டுக் கடையில், வழமையான மேசையில், காலை நீட்டிக்கொண்டு இருந்தான். ரோல்ஸும் தேநீரும் எனக்கும் சேர்த்து ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தான்.

"மகனுக்குச் சொல்லப்போறன்," என்றேன்.

"எதை?"

"உன்ரை காலை."

கையிலிருந்த ரோலைத் தட்டில் வைத்தான். "நாப்பது வருசம் பொத்தி வைச்சதை இப்ப ஏன் அண்ணை கிண்டுறியள்?"

"அவன் துவக்கு வாங்கப் போறான்."

"ஆர் வாங்கச் சொன்னது?"

"அவன்தான் கேட்டவன். நான் எது நல்லதெண்டு சொன்னனான். கட்டிலடியிலை வைக்கச் சொல்லியும் சொன்னனான்."

"உங்களுக்கென்ன விசரே!" என்று அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக் குடும்பம் திரும்பிப் பார்த்தது. பிறகு குரலைத் தணித்தான். "அவன்ரை மனுசி முதன்முதல் கண்டவுடனை என்ன சொன்னவள்? அங்கிள், யூ ஆர் சோ பிறேவ் எண்டவள். இனி நான் கோழி கொண்டுவந்து வெடி வாங்கினவனெல்லோ?"

"கோழியில்லை. சேவல்."

"ஓம், அதை மட்டும் வடிவாய்த் திருத்துங்கோ." சிரித்தான். நானும் சிரித்தேன். தேநீரை ஆற்றிக் குடித்தான். பிறகு சொன்னான்: "எழுதுங்கோ. சின்னப் பெடிச்சி வளருற வீடு. எழுதத்தான் வேணும். ஆனா எழுதிறதெண்டா முழுக்க எழுதுங்கோ. நான் கள்ளன்மாதிரிச் சத்தமில்லாமல் வரேல்லை. கம்பியைப் பிடுங்க முந்திக் கூப்பிட்டனான்."

"கூப்பிட்டனியே?"

"ரெண்டுதரம். அண்ணை, அண்ணை எண்டு. உங்கட நிழல் ஜன்னலுக்குள்ளை தெரிஞ்சது. கேட்டிருப்பியள் எண்டுதான் பிடுங்கினனான்."

மகனே, எனக்குக் கேட்கவில்லை. அவன் குரல் ஊரறிந்த குரல், கோவிலில் பாட்டுக்காரன். இருபத்திரண்டு யாரில், என் சொந்தத் தம்பி என்னை அண்ணை என்று இரண்டு தரம் கூப்பிட்டிருக்கிறான். எனக்குக் கம்பி தெறித்த சத்தம் மட்டுமே கேட்டது. இதை இத்தனை காலம் ஏன் சொல்லவில்லை என்று அவனைக் கேட்டேன். "சொன்னா நீங்கள் தாங்கமாட்டியள் எண்டு அண்ணி சொன்னவ" என்றான். உன் அம்மாவும் அறிந்திருந்தாள். அறிந்துகொண்டே முப்பத்தாறு வருடம் எனக்கு முன்னால் இருந்து சோறு போட்டாள். அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் வால்தம்ஸ்டோவில் இறங்க மறந்து, கடைசித் தரிப்பு அதுதான் என்பதால் வண்டிக்குள்ளேயே இருந்திருக்கிறேன். துப்புரவு செய்ய வந்தவர் தோளைத் தொட்டபோதுதான் எழும்பினேன்.

ஆகவே பாவிப்பது பற்றிய என் ஆலோசனையை இப்போது முழுமையாக எழுதுகிறேன். வீட்டுக்குள் எவரேனும் புகுந்துவிட்டதாகத் தோன்றினால், தேடிக்கொண்டு போகாதே. மூன்று பேரும் ஒரே அறைக்குள் போங்கள். அது பேத்தியின் அறையாக இருக்கட்டும், அவளை எடுத்துவர நடக்கவேண்டிய அவசியம் இராது. கதவைப் பூட்டு. பொலிசை அழைத்து, இணைப்பைத் துண்டிக்காமல் வைத்திரு. ஆர் என்று கேள். பதில் வந்தால் காது கொடு. வராவிட்டால் மறுபடியும் கேள். வெளிச்சத்தில் முகத்தைக் காணாமல் விரலை விசைக்குள் விடாதே. அந்த அறைக்கு வெளியே இருப்பது தொலைக்காட்சியும் மடிக்கணினியும்தான், கொண்டுபோகட்டும். துவக்கு உருக்குப் பெட்டிக்குள், பூட்டோடு இருக்கவேண்டும். தோட்டா வேறு பூட்டுக்குள் இருக்கவேண்டும். பேத்திக்கு இப்போது நான்கு வயது. கட்டிலடி அவளுடைய உயரத்துக்குத்தான் பொருத்தமான இடம். அவளிடம் ஒளிப்பதைவிட, இதைத் தொடக்கூடாது, கண்டால் வந்து சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடு. நீயும் மருமகளும் பயிற்சிக்களத்துக்குப் போய், பயிற்றுநரிடம் முறையாகப் பழகுங்கள். கடையில் வாங்கிய நாளோடு அதை மறந்துவிட்டால், தேவைப்படும் நாளில் உன் கை நடுங்கும். என் கை நடுங்கவில்லை, அதைவிட மோசமானதுதான் நடந்தது.

வாங்காதே என்று நான் எழுதவில்லை. இந்த நாட்டில் வீட்டைக் காக்கவென்று சொல்லித் துவக்கு அனுமதி பெற இயலாது. அதனால் இங்கே நான் எதுவும் தீர்மானிக்கவேண்டி வரவில்லை. உனக்கு அங்கே தீர்மானிக்கவேண்டி இருக்கிறது. உன் பயம் நியாயமானது. பகலில் அந்தப் பெண் வீட்டுக்குள் இருக்கும்போதே கதவை உடைத்திருக்கிறார்கள். நீ விமானத்தில் இருக்கும் நேரங்களில் உன் மனம் என்ன பாடுபடும் என்பது எனக்குத் தெரியும். உன் விமானம் தரை தொடும்வரை நானும் இங்கே அப்படித்தான் இருக்கிறேன். நான் கேட்பது இவ்வளவுதான்: இதை முழுவதும் வாசித்து, மருமகளுக்கும் வாசித்துக் காட்டி, அதன் பிறகு இருவருமாக முடிவெடுங்கள். இதை வாசித்தபின் உன் கணக்கில் நான் எந்த இடத்தில் இருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அந்த நாற்பத்து மூன்று நிமிடம் இனிக் கிடைக்காமலும் போகலாம். அதற்குப் பயந்துதான் பத்து நாள் மழையைப் பற்றிப் பேசினேன். பேத்தி அந்த வீட்டில் இருக்கிறாள் என்பதால் இனியும் மழையைப் பற்றிப் பேச இயலாது.

இன்னொரு விடயம். நத்தார்ப் பண்டிகைக்கு வரச்சொல்லி மூன்று வருடமாகக் கேட்கிறாய். என் முழங்காலைச் சாட்டி மறுத்துக்கொண்டு வந்தேன். நேற்றுப் பயணச்சீட்டு வாங்கிவிட்டேன். டிசம்பர் 9, திங்கட்கிழமை, பிற்பகல் உன் ஊரில் இறங்குவேன். ஆறு கிழமை நிற்பேன். இக்கடிதத்துக்குப் பிறகும் என்னை அங்கே காண உனக்கு விருப்பமிருந்தால் ஒரு சொல் அனுப்பு. வந்தால், நீ அறிந்திருக்கவேண்டியவை சில உண்டு. இந்த வயதில் நான் இரவில் மூன்று தரம் எழும்புவேன். பிள்ளை விழித்துவிடும் என்று விளக்குப் போடமாட்டேன். சுவரைத் தடவித் தடவி நடப்பேன். பின்கதவு பூட்டியிருக்கிறதா என்று பிடியைத் திருகிப் பார்க்காமல் எனக்கு மறுபடி உறக்கம் வராது. உன் வீட்டின் இருட்டில் அப்படி நடமாடப்போகிறவன் ஒருவன்தான், அவனை நீ அறிவாய்.

அறையை விட்டு வெளியே வரும்போதெல்லாம் நான் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். இரண்டு தரம் கூப்பிடுவேன். நீ நித்திரையாக இருந்தாலும் ஓம் அப்பா என்று ஒரு சொல் சொல்லிவிடு. அதைக் கேட்டபிறகே நான் அடுத்த அடி எடுத்து வைப்பேன். இந்த வீட்டில் உன் பெயரை நான் கடைசியாக உரத்துக் கூப்பிட்டது 2022 ஓகஸ்ட் 28, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.40க்கு. நீ திரும்பிப் போக, விமானநிலையத்துக்கு டாக்ஸி வந்துவிட்டது என்று மாடிப்படியின் கீழே நின்று கூப்பிட்டேன். அதன் பிறகு இங்கே குரலை உயர்த்தவேண்டிய தேவை எனக்கு வரவில்லை. இப்போது என் குரல் எவ்வளவு தூரம் எட்டும் என்று எனக்கே தெரியாது. டிசம்பருக்கு இன்னும் ஏழு கிழமைகளுக்கு மேல் இருக்கின்றன. கூப்பிட்டுப் பழகிக்கொண்டு வருகிறேன்.

அப்பா